நான்கு சானலில் ஒரு முழுப் பாட்டு: அமிகா டிராக்கர் இசை எழுதும் முறை

அமிகா என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினியில் ஓடும் டெமோக்களின் இசையை முதன்முதலாகக் கேட்பவர்கள், டிரம்ஸ், பேஸ், கீபோர்டு கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது), மெலடி, மெலடிக்கு ஒரு எதிரொலி, நடுவில் மணிச்சத்தம் என்று ஏழெட்டு வாத்தியம் ஒன்றாக ஓடுவதாக நினைத்துக்கொள்வார்கள். அந்த மெஷினால் ஒரு நேரத்தில் நான்கு சத்தம்தான் எழுப்ப முடியும், சத்தம் ஒன்றுக்கு ஒரு சானல். மீதியெல்லாம் எழுதியவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை டிராக்கரில், அதாவது ஸ்வரங்களை மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதி இசைக்கும் நிரலில், போடும் விதத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: சானலை வாத்தியத்துக்குக் கொடுக்காதீர்கள், வரிக்குக் கொடுங்கள். முதல் சானல் டிரம்ஸ், இரண்டாவது பேஸ், மூன்றாவது கார்டு, நான்காவது மெலடி என்று பிரித்து உட்கார்ந்தால் பாட்டு வரும், ஆனால் எலும்பும் தோலுமாக வரும். இந்த வரியில் இந்தச் சானலில் எந்தச் சத்தம் கட்டாயம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொண்டே போனால்தான் நான்கு சானல் எட்டு மாதிரி ஒலிக்கும்.

கொஞ்சம் பின்னணி. டெமோ என்பது கணினி அந்த நேரத்திலேயே படத்தையும் இசையையும் உருவாக்கிக் காட்டும் ஒரு நிரல். நிரல் எழுதும் கோடர், ஓவியர், இசைக்காரர் சேர்ந்த குழுக்கள் ஐரோப்பா முழுக்க இதைப் போட்டிக்காகச் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். 2020ல் பின்லாந்து தன் வாழும் மரபுகளின் தேசியப் பட்டியலில் டெமோசீனை, அதாவது இந்த டெமோக்காரர்களின் உலகத்தை, சேர்த்தது. 1985ல் வந்த அமிகாவிலும், 1987ல் வந்து வீடுவீடாகப் பரவிய அமிகா 500லும் ஒலியைக் கவனித்துக்கொண்டது பாவ்லா என்ற சிப். நான்கு சானல், ஒவ்வொன்றும் 8 பிட், வால்யூம் 0 முதல் 64 வரை. 1987ல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்தான் இந்த வழியின் தொடக்கம், அதில் 15 சாம்பிள், அதாவது சிறு ஒலித்துண்டு, வைக்கலாம். 1989ல் ஸ்வீடனிலிருந்து வந்த நாய்ஸ்டிராக்கரில் 31 வைக்கலாம், 1990ல் நார்வேயிலிருந்து ப்ரோடிராக்கர் வந்தது. மாட் கோப்பு (மாட்யூல், சாம்பிளும் ஸ்வரமும் ஒன்றாக அடங்கிய பாட்டுக் கோப்பு) என்று நாம் இன்று சொல்வது பெரும்பாலும் அந்த 31 சாம்பிள் வடிவத்தைத்தான்.

எதில் எழுதுவது? பழைய அமிகா கையில் இருந்தால் நல்லதுதான், ஆனால் தேவையில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ப்ரோடிராக்கரை அப்படியே நகலெடுத்த குளோன் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. மில்க்கிடிராக்கரும் ஓப்பன்எம்பிடியும் உண்டு, இரண்டும் வசதியானவை. ஆனால் நான் குளோனைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதில் ஐந்தாவது சானலைச் சேர்க்க வழியே கிடையாது. கஷ்டமான இடத்தில் இன்னொரு சானலைத் திறந்துகொள்ளும் வசதி இருந்தால் நீங்கள் திறந்துகொள்வீர்கள், அதோடு கற்பது நின்றுவிடும்.

திரையில் இசை மேலிருந்து கீழாக ஓடும். ஒரு பேட்டர்னில் 64 வரிகள், 00 முதல் 63 வரை; ஒவ்வொரு வரியிலும் நான்கு சானலுக்கு நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஸ்வரம், சாம்பிள் எண், அப்புறம் ஒரு கட்டளை, அவ்வளவுதான். கட்டம் ஒன்றுக்கு 4 பைட், ஆக ஒரு பேட்டர்ன் 1,024 பைட். கணினியின் விசைப்பலகைதான் உங்கள் ஆர்மோனியம்: இசட் முதல் எம் வரையிலான கீழ்வரிசை வெள்ளைக்கட்டை, அதற்கு மேலே எஸ், டி, ஜி, எச், ஜே கறுப்புக்கட்டை, அதற்கும் மேலே க்யூ வரிசையில் அடுத்த ஸ்தாயி. எழுதிய பேட்டர்ன்களை எந்த வரிசையில் இசைக்க வேண்டும் என்பதற்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பட்டியல் உண்டு, ஒரே பேட்டர்னை எத்தனை முறை வேண்டுமானாலும் அதில் போடலாம். கட்டளைகள் பதினாறின் அடிமான எண்ணில் இருக்கும், எனவே வால்யூமுக்கான சி கட்டளையில் சி40 என்றால் வால்யூம் 64, அதாவது முழுசு. சி20 என்றால் பாதி. இது ஆரம்பத்தில் எல்லாரையும் குழப்பும், இரண்டு பேட்டர்ன் எழுதியதும் பழகிவிடும்.

நேரக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், பின்னால் வரும் பாதி விஷயம் இதன் மேல்தான் நிற்கிறது. ஐரோப்பியத் தொலைக்காட்சி நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும், டிராக்கரும் அதே கணக்கில் நொடிக்கு 50 முறை துடிக்கும். அந்தத் துடிப்பு ஒன்றுக்கு டிக் என்று பெயர். ஸ்பீடு 6 என்றால் ஒரு வரிக்கு 6 டிக், அதாவது 120 மில்லி விநாடி. நான்கு வரியை ஒரு தட்டு என்று எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 125 தட்டு, ஒரு பேட்டர்ன் 7.68 விநாடி. ஸ்பீடை மாற்றும் எஃப் கட்டளையில் எஃப்05 என்று எழுதினால் நிமிடத்துக்கு 150 தட்டு, எஃப்07 என்றால் 107க்குப் பக்கத்தில். எஃப்20க்கு மேலே போனால் அது ஸ்பீடு இல்லை, டெம்போ. அது டிக்கின் நீளத்தையே மாற்றும். ஆட்டம் போட வைக்கும் நடை வேண்டுமென்றால் ஒரு வரியில் எஃப்07, அடுத்த வரியில் எஃப்05 என்று மாறி மாறி எழுதுங்கள், மொத்த வேகம் அப்படியே இருக்கும், நடை மட்டும் சாயும். 64 வரி என்பது பதினாறு தட்டு, ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம். மூன்று தட்டுக் கணக்கு வேண்டுமென்றால் 47ஆம் வரியில் டி00 போட்டு 48 வரியில் முறித்துக்கொள்ளுங்கள்.

இனி சாம்பிள். இதில்தான் பாட்டின் பாதித் தலையெழுத்து இருக்கிறது, ஆகவே அவசரப்படாதீர்கள். பாவ்லா ஒரு சாம்பிளை உயர்ந்த ஸ்வரத்தில் இசைக்க அதை வேகமாகப் படிக்கும், தாழ்ந்த ஸ்வரத்துக்கு மெதுவாகப் படிக்கும், வேறு மாயம் எதுவும் கிடையாது. ப்ரோடிராக்கரில் சி-3 (மூன்றாம் ஸ்தாயியின் சி) என்ற ஸ்வரம் நொடிக்கு சுமார் 16,574 பைட் படிக்கிறது, ஒரு ஸ்தாயி கீழே சி-2 அதில் பாதி, 8,287. ஆக, உங்கள் கீபோர்டில் ஒரு சி ஸ்வரத்தைப் பதிவுசெய்து, 16,574 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, 8 பிட் மோனோவாகச் சேமித்தால் அது சி-3ல் சரியான சுருதியில் பேசும். பேஸ் மாதிரிக் கனமான சத்தத்துக்கு 8,287 போதும், இடம் பாதியாகும். ஹைஹேட், ஸ்னேர் இரண்டுக்கும் அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம், மேல் அதிர்வெண் போய்விட்டால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஆகிவிடும். அதே சமயம் அமிகாவின் ஒலிவாசல் நொடிக்குச் சுமார் 28,800 பைட்டுக்கு மேல் எடுத்துத் தராது, அதனால் பட்டியலின் உச்சியில் உள்ள கடைசி இரண்டு ஸ்வரங்களை நம்பி எதையும் எழுதாதீர்கள். குளோனில் சரியாகக் கேட்டாலும் அசல் மெஷினில் சிக்கல் வரும்.

பதிவுசெய்ததை 8 பிட்டுக்கு மாற்றும் முன் ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றுங்கள். 8 பிட்டில் மொத்தம் 256 படிதான், மெல்லிய சத்தத்தைப் பதிவுசெய்தால் அதில் பத்துப் பதினைந்து படியை மட்டும் பயன்படுத்தி மீதியை இரைச்சலுக்குக் கொடுத்ததாகிவிடும். சத்தத்தைக் குறைப்பது அப்புறம் வால்யூம் எண்ணின் வேலை. தொடக்கத்தில் உள்ள வெற்றிடத்தை ஒட்ட வெட்டுங்கள், இருபது மில்லி விநாடி மௌனம் ஒரு கிக்கின் முன்னால் இருந்தாலே தாளம் தள்ளாடும். லூப் (சாம்பிளின் ஒரு பகுதி திரும்பத் திரும்ப ஓடுவது) வைக்கும்போது அலை நடுக்கோட்டைத் தாண்டும் இடத்தில் தொடங்கி அதே மாதிரி இடத்தில் முடியுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் டப் டப் என்று கேட்கும். லூப் இல்லாத சாம்பிள்களில் முதல் இரண்டு பைட் பூஜ்யமாக இருக்க வேண்டும்: சாம்பிள் முடிந்ததும் பாவ்லா நிற்காது, அந்த முதல் இரண்டு பைட்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும், அங்கே ஏதாவது எண் இருந்தால் கீச்சென்ற ஊளை நிற்காமல் வரும்.

எல்லாவற்றையும் பதிவுசெய்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. 32 பைட்டில் ஒரே ஒரு அலையை வரைந்து அதை லூப் செய்தால் சி-2ல் சுமார் 259 ஹெர்ட்ஸ் வரும், ஏறக்குறைய பியானோவின் நடு சி. 16 பைட் மேலே, 16 பைட் கீழே என்றால் சதுர அலை. 8 மேலே 24 கீழே என்றால் மூக்கால் பேசும் மெல்லிய லீட், அதாவது மெலடி வாசிக்கும் சத்தம். சரிவாக இறங்கினால் ரம்ப அலை, பேஸுக்கு அருமை. இப்படி வரைந்த அலைகளால் முழுப் பாட்டையும் எழுதி சில கிலோபைட்டில் அடக்கியவர்கள் உண்டு, பிரிட்டனின் 4-மேட் அந்தப் பாணியைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். வரைந்த அலை சுருதியில் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், நடு சி 261.6 ஹெர்ட்ஸ் என்பதைக் கணக்கிட்டால் தெரியும். வரைந்தவை மட்டும் இருந்தால் பரவாயில்லை, எல்லாமே ஒரே அளவு தாழ்ந்திருக்கும். பதிவுசெய்த பியானோவோடு கலந்தால் உறுத்தும். சாம்பிளின் சுருதியை நுணுக்கமாக ஏற்றி இறக்கும் ஃபைன்டியூனில் ஒரு படி என்பது அரை ஸ்வரத்தில் எட்டில் ஒரு பங்கு, வரைந்த அலைக்கு ஒரு படி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

கார்டுக்கு வருவோம். மூன்று ஸ்வரம் கொண்ட கார்டுக்கு மூன்று சானல் தேவை, நம்மிடம் அது இல்லை. வழி இரண்டு. முதலாவது ஆர்பெஜியோ, கமடோர் 64ன் மூன்று குரல் காலத்திலிருந்தே வரும் தந்திரம்: 037 என்று கட்டளை எழுதினால் ஒரே சானல் மூல ஸ்வரம், மூன்று அரை ஸ்வரம் மேலே, ஏழு மேலே என்று டிக்குக்கு ஒன்றாகத் தாவும், மைனர் கார்டு கிடைக்கும். 047 மேஜர். ஸ்பீடு 6லும் 3லும் இது மிருதுவாகச் சுழலும். 5ல் வைத்தால் ஐந்து டிக்கை மூன்றால் வகுக்க முடியாததால் ஒவ்வொரு வரியிலும் சுழற்சி அறுந்து அறுந்து ஓடும். ஆர்பெஜியோவுக்கு வரைந்த அலைதான் பொருத்தம், பியானோ சாம்பிளில் போட்டால் ஓட்டைக் கிராமபோன் மாதிரி நடுங்கும். இரண்டாவது வழி அமிகாவுக்கே உரியது: கீபோர்டில் முழு மைனர் கார்டை அழுத்தி அதையே ஒரு சாம்பிளாகப் பதிவுசெய்வது. ஒரு மைனர், ஒரு மேஜர், இன்னும் விருப்பப்பட்டால் நான்காம் ஸ்வரம் தொங்கும் ஒன்று, மூன்று சாம்பிளில் ஒரு பாட்டின் இசைவு முழுக்க ஒரே சானலில் அடங்கிவிடும். முக்கால் விநாடிக் கார்டு ஒன்றுக்குச் சுமார் 12 கிலோபைட் ஆகும், கொடுத்த இடத்துக்கு அதைவிட நல்ல பலன் தரும் சாம்பிள் வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

இப்போது முதலில் சொன்ன வரிக்கணக்கு. முதல் சானலை எடுத்துக்கொள்ளுங்கள். 00ஆம் வரியில் கிக், 04ல் ஸ்னேர், 08ல் கிக், 12ல் ஸ்னேர். இடையில் 02, 03, 06, 07, 10, 11, 14, 15 எல்லாம் காலி. அங்கே பேஸை எழுதுங்கள். கிக் விழும்போது பேஸ் அறுபடும்தான், ஆனால் கிக்கிலேயே கனம் இருப்பதால் காது அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும், போதாததற்குத் தாளமும் முன்னுக்குத் தள்ளும். அப்படியும் முதல் தட்டில் பேஸ் வேண்டும் என்று தோன்றினால் சாம்பிள் எடிட்டரில் கிக்கையும் பேஸையும் கலந்து ஒரே சாம்பிளாக்கிக்கொள்ளுங்கள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஸ்வரத்தை மாற்றினால் கிக்கும் சேர்ந்து ஏறி இறங்கும், அதனால் பாட்டின் மூல ஸ்வரத்துக்கு மட்டும், மிஞ்சிப்போனால் இன்னொரு ஸ்வரத்துக்கும் சேர்த்து, தனித்தனியாகக் கலந்து வைத்தால் போதும். ஹைஹேட்டுக்கு என்று சானல் ஒதுக்கவே ஒதுக்காதீர்கள். கார்டு அடித்து அடங்கிவரும் வரியில், மெலடி மூச்சுவிடும் வரியில், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே செருகுங்கள். பத்தில் ஒரு விநாடி ஹைஹேட்டுக்கு இரண்டு கிலோபைட் கூட ஆகாத அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளலாம், அது எந்தச் சானலில் இருந்து வந்தது என்று கேட்பவர் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

எதிரொலியும் இதே கணக்குதான். சானல் மிச்சம் இருந்தால் மெலடியை மூன்று வரி தள்ளி இன்னொரு சானலில் சி18 வால்யூமில் நகலெடுத்துப் போடுங்கள், அறை சட்டென்று விரிந்துவிடும். மிச்சம் இல்லையென்றால் அதே சானலிலேயே செய்யலாம்: மெலடி 00, 04, 08 வரிகளில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், 06ல் 00ஆம் வரியின் ஸ்வரத்தை மெலிதாக எழுதுங்கள், 10ல் 04ன் ஸ்வரத்தை, இப்படியே தொடர்ந்து. காது மெல்லியதை உரத்ததோடு சேர்த்துக்கொள்ளாது, பின்னால் ஒலிக்கும் வேறொரு வாத்தியம் போலத் தனியாகப் பிரித்துக்கொள்ளும். டிராக்கர் இசையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, இரண்டு எண்ணில் இவ்வளவு ஆழம் கிடைப்பது வேறு எங்கும் இல்லை. இன்னொரு சின்ன விவரம், ஸ்வரத்தோடு சாம்பிள் எண்ணையும் எழுதினால் வால்யூம் அந்தச் சாம்பிளின் இயல்பு அளவுக்குத் திரும்பும். எண் இல்லாமல் ஸ்வரத்தை மட்டும் எழுதினால் முன்பிருந்த வால்யூமே தொடரும்.

மற்ற கட்டளைகளில் முதலில் பழக வேண்டியவை சிலதான். ஏ0 வகை வால்யூமை இறக்கும், ஆனால் ஒவ்வொரு வரியிலும் முதல் டிக்கில் வேலை செய்யாது, ஆகவே ஸ்பீடு 6ல் ஏ01 என்பது வரிக்கு 5 படி இறக்கும். ப்ரோடிராக்கரில் ஏ கட்டளைக்கு ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு எழுத வேண்டும். 3ல் தொடங்கும் கட்டளை புது ஸ்வரத்தை அடிக்காமல் பழையதிலிருந்து வழுக்கிக்கொண்டு போகும், அதற்கு ஞாபகம் உண்டு, அடுத்த வரிகளில் 300 போதும். 4ல் தொடங்குவது வைப்ரேட்டோ. நீண்ட ஸ்வரத்தின் முதல் இரண்டு வரியைச் சும்மா விட்டு மூன்றாவதில் 4 வகையைத் தொடங்குங்கள், பாடகர் நிறுத்திப் பிடித்து அப்புறம் அசைப்பது போல உயிர் வரும். 9 வகை சாம்பிளின் நடுவிலிருந்து தொடங்கும், எண் ஒன்றுக்கு 256 பைட். ஒரு டிரம் லூப்பை வைத்துக்கொண்டு இதனால் அதைத் துண்டு துண்டாக மாற்றி அடுக்கலாம். இடி (ED) வகை ஸ்வரத்தைச் சில டிக் தாமதிக்கும், இசி (EC) வகை சட்டென்று அறுக்கும். இ01 அமிகாவின் ஒலிவடிகட்டியை அணைக்கும், பாட்டின் முதல் வரியிலேயே அதைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் சில மெஷின்களில் உங்கள் ஹைஹேட் கம்பளிக்குள் போய்விடும்.

பாவ்லாவில் முதல், நான்காம் சானல்கள் இடதுபக்கம், இரண்டாம், மூன்றாம் சானல்கள் வலதுபக்கம், நடுவில் எதுவும் இல்லை. அதனால் கிக்கும் பேஸும் முதல் சானலில் இருந்தால் கார்டை இரண்டாவதில் வைத்துத் தராசைச் சமன்செய்யுங்கள், மெலடி மூன்றாவதில், அதன் எதிரொலி எதிர்ப்பக்கம் நான்காவதில். ஹெட்போனில் கேட்கும்போது இது முரட்டுத்தனமாக இருக்கும், இன்றைய பிளேயர்கள் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கலந்து தருகின்றன. நீங்கள் இரண்டு விதமாகவும் கேட்டுவிட்டுத்தான் கோப்பை மூட வேண்டும்.

டெமோவுக்காக எழுதுகிறீர்கள் என்றால் கோடரோடு முதல் நாளே பேசிவிடுங்கள். அமிகா 500ல் வழக்கமாக இருந்தது 512 கிலோபைட் நினைவகம், சாம்பிள்கள் ஒலி, படச் சிப்கள் நேரடியாகப் படிக்கும் சிப் நினைவகத்தில்தான் இருந்தாக வேண்டும், படமும் அதே இடத்தைத்தான் கேட்கும். இசைக்கு 100 கிலோபைட் என்று அவர் சொன்னால் அது சி-3 வேகத்தில் சுமார் ஆறு விநாடிச் சத்தம். மூன்று கார்டுக்கு 37, டிரம்ஸ் எல்லாம் சேர்த்து 10, பேஸ் 4, லீட் வரைந்த அலை, இருபது பேட்டர்னுக்கு 20, ஆக எழுபது சொச்சத்தில் நிம்மதியாக முடிக்கலாம். அவருடைய இசைநிரல் எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்றும் கேளுங்கள்: திரைப் புதுப்பிப்போடு ஓடினால் எஃப்20க்கு மேற்பட்ட டெம்போ எதுவும் வேலை செய்யாது, 125லேயே இருந்துகொண்டு ஸ்பீடை மட்டும் மாற்ற வேண்டும். ப்ரோடிராக்கர் வேறெதற்கும் பயன்படுத்தாத 8 வகைக் கட்டளையை அடையாளமாக வைத்து, இந்த வரியில் படத்தை மாற்று, இந்த ஸ்னேரில் திரையை வெளுக்கச் செய் என்று கோடருக்குச் சொல்ல முடியும். பல டெமோக்களில் இசையும் காட்சியும் ஒன்றாக வெட்டுவது இப்படித்தான்.

இன்னும் வேகமாகக் கற்க ஒரே வழி பிறருடைய மாட்யூல்களைத் திறந்து பார்ப்பது. மாட் கோப்பில் மறைப்பதற்கு எதுவும் இல்லை, சாம்பிளும் ஸ்வரமும் கட்டளையும் எல்லாம் வெட்டவெளியில் இருக்கும். பின்னாளில் ஹிட்மேன் விளையாட்டுகளுக்கு இசையமைத்த ஜெஸ்பர் கிட் போன்றவர்கள் அமிகா டெமோ குழுக்களில் இருந்து வந்தவர்கள்தான், அந்தக் காலத்து மாட்யூல்கள் இன்றும் மாட் ஆர்க்கைவ் என்ற இணையத்தளத்தில் கிடைக்கின்றன. பிடித்த ஒன்றை எடுத்து மூன்று சானலை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அது எத்தனை வாத்தியமாக வேடம் மாற்றுகிறது என்று வரிவரியாகப் பாருங்கள். பின் அடுத்த சானல். சாம்பிளை அப்படியே எடுத்துக்கொள்வது பற்றி டெமோசீனில் அன்றிலிருந்தே சண்டை உண்டு, என் பக்கம் தெளிவு: நுணுக்கத்தை எடுங்கள், சாம்பிளை நீங்களே செய்யுங்கள், எடுத்தே ஆக வேண்டும் என்றால் யாருடையது என்று எழுதுங்கள். சாம்பிள் பெயருக்கு ஒவ்வொன்றுக்கும் 22 எழுத்து, மொத்தம் 31 வரி இருக்கிறது; நண்பர்களுக்கு வணக்கம், பாட்டின் கதை, நன்றி எல்லாவற்றையும் எல்லாரும் அங்கேதான் எழுதினார்கள், நீங்களும் எழுதுங்கள்.

முடித்ததும் பாட்டு முடியும் இடத்திலிருந்து தொடங்கும் இடத்துக்குத் தாவும்போது ஏதாவது அறுபடுகிறதா, அணைக்க மறந்த லூப் ஏதாவது பின்னால் ஊளையிடுகிறதா என்று இரண்டு சுற்று முழுக்கக் கேளுங்கள். தொடக்கத்துக்குப் பதிலாக நடுவிலிருந்து திரும்ப வேண்டுமென்றால் கடைசி வரியில் பி கட்டளையோடு பட்டியல் எண்ணை எழுதுங்கள். பயன்படுத்தாத சாம்பிள்களை நீக்கிவிட்டு, அமிகாவைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு எமுலேட்டரில் அசல் ப்ரோடிராக்கரைத் திறந்து அதிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அனுப்ப இடம் இருக்கிறது: ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் 2011 முதல் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் ரிவிஷன் என்ற டெமோ விழாவில் டிராக்கர் இசைக்கென்றே போட்டி உண்டு. விதிகளில் கோப்பு வடிவம், நீளம் இரண்டையும் படித்துவிட்டு அனுப்புங்கள்.